நீச்சல்காரி உயரமான வருடம்

காரைக்காலுக்கு வெளியூர்க்காரர்கள் வருவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று சனி பகவான், இன்னொன்று சரக்கு. சிதம்பரத்தில் என்னோடு படித்த பயல்கள் இப்போதும் போன் செய்தால் இரண்டாவதைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். ஊரில் ஒரு நீச்சல்குளம் இருக்கிறது, நான் அங்கே வேலை பார்க்கிறேன் என்றால், "அப்ப சைட் டிஷ் என்னடா" என்பார்கள். இந்தக் கதையை அவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். பாதியில் போனை வைத்துவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

துணைப் பயிற்சியாளர் என்று சொல்ல கெத்தாக இருக்கும். தண்ணீர் மேல் மிதக்கும் வேப்பிலைகளை வலைவைத்து அள்ளுவது, அழுகிற குழந்தையைக் குளத்தில் இறக்குவது, ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் ஓடுவது, இதுதான் வேலை. காலேஜில் ஐம்பது மீட்டர் ஃப்ரீஸ்டைலில் என்னை யாரும் முந்தியதில்லை. எனவே எனக்கு எல்லாம் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நேரம் குறைந்தால் நல்ல நீச்சல், கூடினால் மொக்கை நீச்சல். இதற்கு மேல் இந்த விளையாட்டில் யோசிக்க என்ன இருக்கிறது?

என் தலைமைப் பயிற்சியாளருக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. விழிதியூரில் நெல் போடுகிற குடும்பம். பல்கலைக்கழக அணிக்கு நீந்தி, அதன்பின் பயிற்சியாளர் படிப்பையும் முடித்தவர். அறுவடை மெஷினுக்கு மேலே கேட்கிற குரல். குழந்தைகளுக்கு அவர் மிஸ், எனக்கு அக்கா. எங்கள் குளத்தில் அவர் யாரையும் அவசரப்படுத்திப் பார்த்ததில்லை, என்னைத் தவிர.

அந்தப் பெண் காரைக்கால்மேட்டிலிருந்து வந்தவள். மீன்பிடிக் குடும்பம். முதல் நாள் வந்தபோது எட்டு, ஒன்பது வயதிருக்கும். மற்ற குழந்தைகள் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருக்க, இவள் படகிலிருந்து குதிப்பதுபோல் மூக்கைக்கூடப் பிடிக்காமல் தொப்பென்று குதித்தாள். தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு, எங்கேயாவது அலை வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நீந்தினாள். கடற்கரைப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் நீந்துவார்கள். கேலரியில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் அவள் அந்தப் பக்கச் சுவரைத் தொட்டுவிட்டாள்.

அடுத்த சில வருடங்கள் அவள் வயதுப் பிரிவில் அவளை ஜெயிக்க ஆள் இல்லை. முதல் மெடல் வந்த அன்று அவள் அப்பா மீன் ஏலம் போடும் இடத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். ஏலம் கேட்க வந்த வெளியூர் வியாபாரிகளுக்கும் சேர்த்து.

பிறகு அவள் வளர ஆரம்பித்தாள்.

வளர்வது என்றால் என்னவென்று அதுவரை எனக்குத் தெரியாது. நானும் வளர்ந்தவன்தான், ஆனால் அப்போது நான் உள்ளே இருந்தேன், வெளியே நின்று பார்க்கவில்லை. பன்னிரண்டு வயது முடிகிற சமயம், லீவு முடிந்து வருகிற ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு பெண் வந்து நின்றாள். கை முட்டி லேன் கயிற்றில் இடித்தது. சுவருக்குப் பக்கத்தில் குட்டிக்கரணம் போட்டுத் திரும்பும்போது குதிகால் சுவர் விளிம்பில் போய் அடித்தது. அவளுடைய உடம்பின் அளவை அவளுக்கே யாரும் சொல்லவில்லை போலிருந்தது. நீளமான கால்கள் தண்ணீருக்குள் கீழே கீழே போயின. என் ஸ்டாப்வாட்சில் நேரம் மாதத்துக்கு மாதம் கூடியது. அவளிடம் எப்போதும் தோற்றுக்கொண்டிருந்த ஒரு குட்டைப் பெண், அப்பா துபாயில் இருக்கிறவள், இப்போது சாதாரணமாக இவளை முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தாள்.

எனக்குத் தோன்றிய வைத்தியம் எளிது. இன்னும் அதிகமாக நீந்த வைக்க வேண்டும். அக்கா நேர்மாறாகச் செய்தார். அவளை ஃப்ரீஸ்டைல் வேகப் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டு, விளையாட விட்டார். கையை மூடிக்கொண்டு நீந்து. ஒற்றைக் காலால் அடி. மல்லாந்து படுத்து நெற்றியில் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் டம்ளரை வைத்துக்கொண்டு, அது விழாமல் அந்தப் பக்கம் போ. தினமும் இதுதான்.

கேலரியிலிருந்து குட்டைப் பெண்ணின் அம்மா கேட்டார்: "என்னங்க மிஸ், அந்தப் புள்ளைக்கு நீச்சல் சொல்லிக் குடுக்குறீங்களா, சர்க்கஸுக்கு அனுப்புறீங்களா?"

"ரெண்டும்தாங்க. உங்க புள்ளைக்கும் வேணுமா?"

"அல்லாவே, எம்மவ ஒழுங்காத்தான் போயிட்டிருக்கா. விட்டுடுங்க."

நானும் பக்கத்தில் போய்ச் சொன்னேன். "அக்கா, பாண்டிச்சேரி மீட்டுக்கு நாள் கிட்ட வந்துடுச்சு. இவ தலையில டம்ளர் வச்சிக்கிட்டு மெதக்குறா."

"நீ வச்சிப் பாரேன்."

வைத்துப் பார்த்தேன். முதல் கைவீச்சிலேயே டம்ளர் என் மூக்கில் விழுந்தது. பத்துப் பதினைந்து குழந்தைகள் சேர்ந்து சிரித்தால் அந்தக் கூரையே அதிரும். அதைவிடப் பெரிய அவமானத்தையெல்லாம் காலேஜில் பார்த்தவன் என்பதால் மேலே வந்து தலையைத் துவட்டிக்கொண்டேன்.

பாண்டிச்சேரிப் போட்டிக்கு அவள் பெயரை அக்கா எந்தப் பிரிவிலும் கொடுக்கவில்லை. "இந்தத் தடவ நீ வேடிக்க பாக்க வா" என்றார். அவள் உடை மாற்றும் அறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. குட்டைப் பெண்தான் கதவுக்கு வெளியே நின்று, "ஏய், நா இப்ப கண்ணடிக்க மாட்டேன், வாடி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரலில் தடைக்காலம் வந்தது. மீன்கள் குஞ்சு பொரிக்கும் பருவம் என்று விசைப்படகுகள் இரண்டு மாதம் கடலுக்குப் போகக்கூடாது. மற்ற மாதங்களில் எங்கள் கேலரியில் அம்மாக்கள்தான் இருப்பார்கள். தடைக்காலத்தில் அப்பாக்கள் வருவார்கள். கடலிலேயே கத்திப் பழகிய குரல்கள். ஒரு கூரைக்குக் கீழே அவை என்ன செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அவள் அப்பா விசைப்படகில் போகிறவர். வந்த முதல் நாளே கேலரியிலிருந்து இறங்கி நேராக அக்காவிடம் வந்தார்.

"கோச்சம்மா, எம்பொண்ணு பேரு ஏன் போட்டியில இல்ல?"

"அவ வளந்துக்கிட்டு இருக்காங்க."

"வளந்தா நல்லதுதான? கை நீளமா இருந்தா வெரசா போவலாம்ல."

"போவலாம். ஆனா எலும்பு முன்னால ஓடிடும், சதை பின்னாலதான் வரும். அது வந்து சேர்ற வரைக்கும் காத்திருக்கணும்."

"எவ்வளவு நாளு?"

"ரெண்டு வருசம் ஆவலாம்."

அவர் தலையைச் சொறிந்தார். விஷயம் என்னவென்று மெதுவாக வெளியே வந்தது. சென்னையில் ஒரு தனியார் பயிற்சி மையத்திலிருந்து ஒருவர் பேசியிருக்கிறார். ஹாஸ்டல், சாப்பாடு, காலை மாலை இரண்டு வேளையும் பயிற்சி. இந்த வருடமே மெடல். பிறகு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் படிப்பு, வேலை. "நா கரையில இருக்கறது இந்த ரெண்டு மாசந்தான். படகு எறங்குறதுக்குள்ள அவங்களுக்கு ஒரு பதில் சொல்லணும். அப்பறம் கடல்ல இருந்துக்கிட்டு நா என்னத்தப் பாக்கறது?"

அக்கா அப்போது ஓர் உவமையை எடுத்து வீசினார். நான் பக்கத்தில் நின்று, செம என்று மனதுக்குள் கைதட்டினேன். "இப்ப ஏன் நீங்க கடலுக்குப் போவல? குஞ்சு வளரட்டும்னுதான? சின்னதுலயே அள்ளிட்டா பின்னால பெரிய மீனுக்கு எங்க போவீங்க?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அது கவர்மெண்டு தடுக்குதுங்க. மீறினா படகப் புடிச்சுக்குவான். இல்லேன்னா நாங்க போயிருப்போம்."

அக்கா சிரித்துவிட்டார். அவரும் சிரித்தார். ஆனால் கேள்வி அப்படியே இருந்தது.

மே மாதத்தில் அக்கா ஒன்றைக் கவனித்தார். அந்தப் பெண் கிக் போர்டு என்கிற மிதவைப் பலகையைப் பிடிக்கும்போது இடது தோளை அடிக்கடி தடவிக்கொண்டாள். கேட்டால், "சரியா தூங்கல மிஸ்" என்றாள். குளத்தில் இறங்குவதற்கு முன்பே அவள் தலைமுடி நனைந்திருந்தது. நீச்சலுடையின் இடுப்புப் பக்கம் துணி நூல்நூலாகத் தேய்ந்திருந்தது, கயிறு உரசியதுபோல்.

"நாளைக்கிக் காலையில வண்டிய எடுத்துட்டு வா" என்றார் அக்கா என்னிடம். "மேட்டுக்குப் போவணும்."

விடிந்த கையோடு காரைக்கால்மேட்டுக் கடற்கரைக்குப் போனோம். தடைக்காலத்தில் சின்ன ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லை. அவற்றில் சில அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தன. வலை உதறிக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டதற்கு, அவர் கையை நீட்டிக் காட்டினார். மச்சானுடைய ஃபைபர் படகில் அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார். படகு பக்கத்திலேயே மெதுவாக வர, கடலில் அவள் நீந்திக்கொண்டிருந்தாள். இடுப்பில் நைலான் கயிறு. கயிற்றின் முனையில் பாதி தண்ணீர் நிரப்பிய பெரிய மஞ்சள் கேன். அவள் அதை இழுத்துக்கொண்டு வந்தாள். அப்பா தாளம் தவறாமல் கைதட்டிக்கொண்டே வந்தார்.

வலை இழுத்தே தோள் உரம் ஏறிய மனிதர். பாரம் இழுத்தால் தோள் தேறும் என்பது அவருக்கு வாழ்க்கை காட்டிய உண்மை. இப்படி ஒரு பயிற்சியை உலகத்தில் வேறு எந்த அப்பாவும் யோசித்திருக்க மாட்டார்.

அக்கா கத்தப் போகிறார் என்று நான் இரண்டு அடி தள்ளி நின்றேன். அவர் கத்தவில்லை. துப்பட்டாவை எடுத்து வீசிக் காட்டினார். அப்பா எங்களைப் பார்த்து, நாங்கள் பாராட்ட வந்திருக்கிறோம் என்று நினைத்து முகமெல்லாம் மலர்ந்தார்.

"வாங்க கோச்சம்மா. பாத்தீங்களா, எப்புடி இழுக்குறா?"

"பாத்தேங்க. அந்தக் கேன அவுத்து விடுங்க. சும்மா கரைக்கு வரச் சொல்லுங்க."

அவர் குனிந்து கயிற்றை அவிழ்த்தார். அவள் ஒரு நிமிடம் மிதந்தாள். பிறகு கரையைப் பார்த்துத் திரும்பி நீந்த ஆரம்பித்தாள்.

அடுத்து நான் பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முயற்சி செய்கிறேன்.

குளத்தில் தன் கையையும் காலையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறும் அந்த நெட்டைப் பெண் அங்கே இல்லை. பின்னாலிருந்து அலை வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முகம் தண்ணீருக்குள் இருந்தது. ஆனாலும் அவளுக்குத் தெரிந்தது. வலது கையை முன்னால் நீட்டி, அப்படியே நிறுத்தினாள். உடம்பு முழுக்க ஒரே கோடாக நீண்டது. அலை அடியில் நுழைந்து அவளைத் தூக்கி, கொஞ்ச தூரம் சுமந்து, முன்னால் கடந்து போனது. அது போன நொடியில் அந்த நீண்ட கை தண்ணீரைப் பிடித்து இழுத்தது. அவசரம் இல்லை. சத்தம் இல்லை. நுரைகூட இல்லை. அடுத்த அலைக்கு இடது கை காத்திருந்தது. இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுக்கே தெரியாமல் வந்து சேர்ந்த அந்த நீளத்தை, கடல் மட்டும் எப்படியோ தெரிந்து வைத்திருந்தது.

என் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. ஸ்டாப்வாட்ச் இருந்தது. அழுத்தவில்லை. எங்கிருந்து எங்கே என்று அளப்பது? அங்கே சுவர் இல்லை, கோடு இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நேரம் தெரியாமல் ஒரு நீச்சலைப் பார்த்தேன்.

அக்கா என் சட்டைக் கையைப் பிடித்திருந்தார். பிடித்தது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

"இது இந்தப் புள்ள இல்லடா" என்றார். மெஷினுக்கு மேலே கேட்கிற குரல் பக்கத்தில் நிற்கிற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "பதினேழு, பதினெட்டு வயசுல வரப்போறவ. இப்பவே ஒரு தடவ வந்து மொகத்தக் காட்டிட்டுப் போறா."

"அப்பறம் ஏன்க்கா குளத்துல மட்டும் இப்புடி?"

"உப்புத் தண்ணி காலத் தூக்கிப் புடிச்சுக்கும். நம்ம குளத்துல யாரு புடிப்பா? அவளேதான் புடிச்சுக்கணும். இடுப்பும் வயிறும் அதக் கத்துக்கணும். டம்ளர் வேற எதுக்குன்னு நெனச்ச?"

அவள் கரையேறி வந்தாள், பின்னாலேயே படகு கரை தட்டி அப்பாவும் இறங்கி வந்தார். அக்கா அவளுடைய இடது தோளைத் தொட்டு, ஓர் இடத்தில் விரலால் மெல்ல அழுத்தினார். அவள் முகம் சுருங்கியது. அதை அப்பா பார்த்துவிட்டார்.

"வலிக்குதா பாப்பா?"

"கொஞ்சம்."

"ஏன் சொல்லல?"

"நீ கைதட்டிக்கிட்டு இருந்தியே."

அந்த மனிதர் கையிலிருந்த கயிற்றைச் சுருட்டினார். சுருட்டியதை அவிழ்த்து மறுபடி சுருட்டினார்.

"இந்த வயசுல தோள் எலும்பு இன்னும் முத்தலீங்க" என்றார் அக்கா. "இப்ப பாரம் ஏத்துனா பின்னால காலத்துக்கும் வலிக்கும். கடல்ல விடுங்க, வேண்டாங்கல. வெளயாட விடுங்க. கேன் வேண்டாம், கைதட்டு வேண்டாம்."

"கைதட்டக் கூடாதா?"

"கொஞ்சமா தட்டிக்குங்க."

அவர் சிரிக்கவில்லை. "சென்னக்காரரு இந்த வருசமே மெடலுங்கறாரு. நீங்க எப்பங்கறீங்க?"

"அஞ்சு வருசம். ஆறும் ஆவலாம்."

"அப்பவாச்சும் நிச்சயமா?"

"இல்லீங்க."

நான் மணலைப் பார்த்தேன். இப்படி யாராவது வியாபாரம் பேசுவார்களா?

"நிச்சயம் இல்லாததுக்கு நா ஏன் காத்திருக்கணும், சொல்லுங்க."

"சென்னைக்கி அனுப்புனா மெடல் வாங்குவா. இழுத்துப் புடிச்சு வாங்க வச்சிடுவாங்க. பதினஞ்சு வயசுல தண்ணியப் பாத்தாலே ஓடிடுவா, அப்புடி நெறயப் பேரப் பாத்திருக்கேன். இங்க இருந்தா மெடல் வராமலும் போவலாம். ஆனா இப்ப நீங்க பாத்தீங்களே, அது போவாது. அது மேல வரும். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். நீங்க அப்பா. நீங்கதான் சொல்லணும்."

அவர் கடல் பக்கம் பார்த்தார். "யோசிக்கிறேங்க" என்றார்.

திரும்பி வரும்போது வண்டியில் நான் விடவில்லை. "அக்கா, மூணு வருசம்னாவது சொல்லியிருக்கலாம்ல?"

"ஏன்?"

"அந்தாளு அனுப்பிடுவாருக்கா."

அரசலாற்றுப் பாலம் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது. "அனுப்பிட்டா என்னாவும்னு அவரு சென்னையப் பத்திச் சொன்னதுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கலடா. அதுக்காவ, வளர்ற ஒடம்பு விசயத்துல பொய் சொல்ல முடியுமா? வண்டியப் பாத்து ஓட்டு."

தடைக்காலத்தின் மீதி நாட்களில் அவள் அப்பா கேலரிக்கு வந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் கத்தவில்லை. நெற்றி டம்ளரோடு மகள் போவதை முன்னால் குனிந்து பார்த்தார். காலையில் அவளைக் கடலுக்குக் கூட்டிப் போவதும் நடந்தது, கேன் இல்லாமல். அவள் தோளைத் தடவுவது மெல்லக் குறைந்தது. சென்னையைப் பற்றி அவரும் பேசவில்லை, அக்காவும் கேட்கவில்லை. இடையில் மாட்டிக்கொண்ட எனக்குத்தான் மண்டை காய்ந்தது.

ஜூனில் துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயிண்ட் அடித்து முடிந்தது. ஐஸ் ஏற்றினார்கள். கடைசி நாள் மாலை அவர் குளத்துக்கு வந்து, கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்த்து, மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சென்னைக்கு என்ன பதில் என்று சொல்லவே இல்லை. அக்கா ஓடிப்போய் நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் லேன் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் விசைப்படகுகள் போய்விட்டிருந்தன. கேலரியில் அப்பாக்கள் இல்லை. எல்லாக் குழந்தைகளும் வந்துவிட்டார்கள், அவள் வரவில்லை. அக்கா சின்னவர்களுக்கு மூச்சுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். குரல் பாதியாகத்தான் கேட்டது. குட்டைப் பெண் லேன் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வாசலையே பார்த்தாள். "மிஸ், அவ ட்ரெயின் ஏறிட்டாளா?" என்று கேட்டாள். "நீந்துடி" என்றார் அக்கா.

பயிற்சி பாதி முடிந்த பிறகு அவள் வந்தாள். தோளில் பை, காலில் கடற்கரை மணல்.

"லேட்டாயிடுச்சு மிஸ். அப்பாவ அனுப்பிட்டு வரேன்."

"ம்."

"அஞ்சு வருசம்னு சொன்னீங்கன்னா அஞ்சு வருசந்தானாம். ஆறுன்னுல்லாம் பேசக்கூடாதுன்னு சொல்லச் சொன்னாரு."

"ஆறும் ஆவலாம்னு அப்பவே சொன்னேனே."

"அதுக்கும் சொல்லி அனுப்புனாரு. நீங்க பேரம் பேசுனீங்கன்னா, அஞ்சே முக்காலுக்கு முடிச்சிட்டு வான்னாரு."

அக்கா சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி, அங்கே மாட்டியிருந்த கிக் போர்டுகளை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். அவை ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தன. குட்டைப் பெண் தண்ணீரில் இரண்டு கையாலும் தட்டினாள். திரும்பியபோது அக்காவின் குரல் முழுசாக வந்துவிட்டது.

"நின்னுக்கிட்டு என்ன கத? கால் மட்டும். பலகை கெடையாது. போ."

அவள் இறங்கினாள். கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு கால்களை அடித்துக்கொண்டு போனாள். அழகாக இருந்தது என்று சொன்னால் பொய். இடுப்பு அமுங்கியது, கால்கள் கீழே போயின, அவள் மேலே தூக்கினாள், மறுபடி போயின. பக்கத்து லேனில் ஒரு பொடியன் அவளைத் தாண்டிப் போனான். நான் அவளைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது ஒரு நெட்டைப் பெண், மூழ்கும் கால்கள். பிறகு அக்காவைப் பார்த்தேன். அவர் குளத்தின் ஓரத்தில் நின்று, வாய் லேசாகத் திறந்திருக்க, கண் இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் வராத ஒருத்தி தண்ணீருக்குள் அவருக்குத் தெரிந்துகொண்டிருந்தாள். நான் ஸ்டாப்வாட்சைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்று, அவர் பார்க்கிற இடத்தையே பார்த்தேன்.